வயசானா அப்படித்தான் என்று சொன்னேன்

2018 தை மாதம், பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. திண்ணையில் உட்கார்ந்து அப்பாவுக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். வலது கால் கட்டை விரலில் மட்டும் நெயில் கட்டர் பிடிக்கவே இல்லை. அதன் வாய்க்குள் நுழையாத அளவுக்கு நகம் தடித்திருந்தது. அப்பா குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, இது என்ன மக்கிப்போன மட்டை மாதிரி ஆயிட்டுது? டாக்டர்கிட்ட காட்டணுமா?"

"வயசானா நகம் அப்படித்தான்ப்பா ஆகும்" என்றேன்.

அது பொய். அவர் நகத்தில் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். அதே மஞ்சள், அதே தடிப்பு, நகத்தடியில் அதே உதிரல், என் காலிலும் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பே அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவள் நான். அப்பாவின் நகத்தில் இருப்பதைச் சொன்னால் என் நகத்தில் இருப்பதையும் சொல்ல வேண்டிவரும். அதற்குப் பயந்து சொன்ன பொய் அது. அந்த வருஷம் முடிவதற்குள் அப்பாவுக்கு அந்த விரலே இல்லாமல் போயிற்று.

நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. பதினோராம் வகுப்புக்குப் பூஞ்சைகள் பாடத்தை இருபது வருஷத்துக்குமேல் நடத்தியிருக்கிறேன். இதைச் சொல்வது என் குற்றத்தின் அளவு தெரிய வேண்டும் என்பதற்காக. தெரியாமல் செய்தவர்களுக்குக் கிடைக்கும் மன்னிப்பு எனக்கு இல்லை.

என் நகத்தில் அது தொடங்கியது 2013இல். வீட்டு நிலைப்படியில் கால் இடித்துக்கொண்டு வலது கட்டை விரல் நகம் கன்றிப்போனது. அந்த மழைக்காலத்தில் சுண்டு விரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவே தோல் வெளுத்து, ஊறி, உரிந்துகொண்டிருந்தது. அரித்தது. எங்கள் ஊரில் அதற்குச் சேற்றுப்புண் என்று பெயர். நடவு நாளில் எல்லார் காலிலும் இருக்கும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மருதாணியையும் மஞ்சளையும் அரைத்து வைப்பார்கள். நானும் வைத்தேன். அரிப்பு நின்றதும் விட்டுவிட்டேன். விரலிடுக்கில் இருக்கும் பூஞ்சைதான் நகத்துக்கும் போகிறது, அதிலும் அடிபட்ட நகம் அதற்குத் திறந்த கதவு என்பதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் தெரியும். என் காலோடு சேர்த்து அதை யோசிக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து நகத்தின் ஓரத்தில், நுனிப்பக்கம், மிளகளவு ஒரு மஞ்சள். நகம் வேரிலிருந்து நுனியை நோக்கி வளர்கிறது. இது நுனியிலிருந்து வேரை நோக்கி எதிரே வரும். நகம் ஒரு மாதத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் முன்னே வந்தால், இது பின்னால் பின்னால் ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு வருஷத்தில் பாதி நகம் போய்விட்டது. நகத்துக்கும் சதைக்கும் இடையில், செல்லரித்த மரத்திலிருந்து உதிர்வதுபோல வெள்ளைத் தூள். குண்டூசியால் கிளறினால் கொட்டும். ஈரக் கோணி வாடை மாதிரி ஒரு வாடை.

மூடினேன். முதலில் மருதாணி வைத்து மூடினேன். நகத்துக்கு மருதாணி நல்லது என்று அம்மா சொல்வார், ஆகவே யாரும் கேட்கவில்லை. பிறகு அடர் சிவப்பில் நெயில் பாலிஷ். நான் அதுவரை நெயில் பாலிஷ் வைத்துக்கொள்ளாதவள். கோயிலில் செருப்பைக் கழற்றும்போது புடவையின் கொசுவத்தை ஒரு விரற்கடை இறக்கிவிட்டுக்கொள்வேன். கல்யாண வீட்டில் மெட்டி போடும் நேரத்தில் எல்லார் கண்ணும் பெண்ணின் கால்விரலில் இருக்கும். பக்கத்தில் நிற்கும் என் காலையும் பார்த்துவிடுவார்களோ என்று பின்னால் போய் நிற்பேன். அழுக்கானவள், சுத்தமில்லாதவள் என்று நினைத்துவிடுவார்கள் என்பதுதான் பயம். நகச்சொத்தை என்ற சொல்லிலேயே அந்த ஏளனம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. கால் கழுவாத பெண்ணுக்கு வரும் வியாதி என்று ஒரு எண்ணம். தினமும் இரண்டு வேளை குளிப்பவர்களுக்கும் வரும், குளித்துவிட்டுக் காலைத் துடைக்காமல் விட்டால் இன்னும் சுலபமாக வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தும் அந்த எண்ணம் போகவில்லை.

2015 பிப்ரவரி. செய்முறைத் தேர்வு முடிந்த சனிக்கிழமை. ஆய்வகத்தில் நான் மட்டும் இருந்தேன். முளைவிட்ட பயறு சுவாசிக்கும் சோதனைக்கு வாங்கிய பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பாட்டில் மேஜையில் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றி, பாலிஷைத் துடைத்து, நகத்தடித் தூளைப் பிளேடால் ஒரு கண்ணாடித் தகட்டில் சுரண்டினேன். நூற்றுக்கு இருபது கணக்கில் கரைசல் கலந்து இரண்டு சொட்டு விட்டேன். கவர்ஸ்லிப் வைத்து, சாராய விளக்கின் மேல் லேசாகக் காட்டி எடுத்தேன். நகம் கரைய நேரம் எடுக்கும். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து பார்த்தேன்.

நகத்தின் செல்கள் கரைந்து தெளிந்திருந்தன. அவற்றின் ஊடே, கண்ணாடி இழை மாதிரி, ஒரே பருமனில், கிளை பிரிந்து பிரிந்து ஓடும் கோடுகள். பெரிய லென்சுக்கு மாற்றினேன். கோடுகளுக்குள் கணுக்கணுவாகத் தடுப்புச் சுவர். பிள்ளைகளுக்குப் பலகையில் வருஷாவருஷம் நான் வரையும் அதே படம். தோல், முடி, நகம் இவற்றில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழும் பூஞ்சை. என் உடம்பில் வளர்ந்துகொண்டிருந்தது.

தகட்டைக் கழுவினேன். மறுபடியும் பாலிஷ் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் கணவரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டேன். களிம்பு தோலுக்குள் போகும், நகத்துக்குள் போகாது. நகம் உயிரில்லாத தகடு. பூண்டுச் சாறு, வினிகர் எல்லாம் பார்த்தேன். அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

2016இல் ஒருவழியாகத் தஞ்சாவூருக்குப் போய் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்தேன். யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டுமென்றே பக்கத்திலிருக்கும் மன்னார்குடியில் காட்டவில்லை. அவர் ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் மாத்திரை, தினம் ஒன்று, 12 வாரம் என்று எழுதினார். "நடுவுல நிறுத்தக் கூடாதும்மா. நகம் உடனே மாறாது. கெட்டது வளர்ந்து வெளியே போகணும், அதுக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்" என்று சொல்லித்தான் அனுப்பினார். ஐந்தாவது வாரம் நிறுத்திவிட்டேன். இரண்டு காரணம். நகம் அப்படியே இருந்தது. என் கணவர், "இது என்ன மாத்திரை, தினமும் போடறே?" என்று கேட்டார். சத்து மாத்திரை என்று சொல்லிவிட்டு, மீதியைப் பீரோவில் புடவைக்கு அடியில் தள்ளினேன். மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வளரும் நகம் ஐந்து வாரத்தில் எதைக் காட்டும்? கணக்குப் போடத் தெரியாதவளா நான்?

அந்த வருஷக் கடைசியில் அம்மா இறந்தார். அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கு இருபது வருஷமாகச் சுகர். அறுபது வருஷம் வயலில் நின்ற கால். குதிகாலில் பித்தவெடிப்பு, விரலிடுக்கில் ஆறி ஆறி வந்த சேற்றுப்புண்ணின் தடம். கண் மங்கிவிட்டதால் அவரால் நகம் வெட்டிக்கொள்ள முடியாது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமையில் நான் வெட்டிவிடுவேன். அந்த நேரம் எங்கள் இருவருக்கும் பிடித்த நேரம். ஊர்க்கதை பேசுவார்.

வீட்டில் இருந்தது ஒரே நெயில் கட்டர். என் நகத்தை வெட்டியதும் அதுதான். முந்தானையால் துடைத்துவிட்டு அப்பாவுக்கு எடுப்பேன். சில நாள் துடைக்கவும் இல்லை. பள்ளியில், ஒரு தட்டில் வளர்த்த பூஞ்சையைத் தொட்ட ஊசியை நெருப்பில் காட்டாமல் அடுத்த தட்டில் வைக்கக் கூடாது என்று பிள்ளைகளைத் திட்டுகிறவள் நான். என் கால் நகத்திலிருந்து என் தகப்பனார் கால் நகத்துக்கு அந்த இரும்பை அப்படியே கொண்டுபோனேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர் காலில் உணர்ச்சி குறைந்துகொண்டு வந்தது எனக்குத் தெரியும். கடைத்தெருவுக்குப் போனவர் ஒரு கால் செருப்போடு திரும்பி வந்தார். கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. எல்லாரும் மறதி என்று சொன்னார்கள். சுகர்காரருக்குச் செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால் நரம்பு மரத்துவிட்டது என்று அர்த்தம். உடனே காலைக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், இரண்டு நிமிஷ வேலை. நான் கூட்டிப்போகவில்லை. காலைக் காட்டினால் நகத்தைப் பார்ப்பார்கள். நகத்தைப் பார்த்தால், "வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா?" என்று கேட்பார்கள். பொங்கலுக்கு மறு ஞாயிறு நான் சொன்ன பொய்க்கு இவ்வளவு முன்கதை இருக்கிறது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. எங்கள் பக்கத்தில் தென்னை வைத்திருந்த எல்லாருக்கும் அந்தத் தேதி மறக்காது. அப்பாவுக்கு ஊரில் முப்பது மரம் இருந்தது, ஆறு நின்றது. தடுத்தும் கேட்காமல் தினமும் போனார். சேறு, விழுந்து கிடந்த மட்டை, தண்ணீர். ஈரக் காலோடு கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு திரும்புவார். புயல் மழைக்கு அடக்கமாக இருக்குமென்று நான்தான் அந்த ஷூவை வாங்கிக் கொடுத்திருந்தேன். வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் யார் யார் காலைப் பார்ப்பது? அந்த மாதம் நகம் வெட்டும் ஞாயிறு வரவே இல்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் படுக்கை விரிப்பில் காசளவு ஒரு ரத்தக் கறை பார்த்தேன். பழைய வாடையோடு வேறு ஒரு வாடையும் கலந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். தடித்த நகம் ஷூவுக்குள் அழுந்தி அழுந்தி, அடியில் சதையை அறுத்திருந்தது. நகத்தைச் சற்றுத் தூக்கியதும் சீழ் வந்தது. விரல் முழுவதும் கருஞ்சிவப்பு. "வலிக்கலையாப்பா?" என்று கேட்டேன். "இல்லையேம்மா" என்றார். அந்த 'இல்லையேம்மா' இப்போதும் என் காதில் இருக்கிறது.

மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர், "இந்த நகம் எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார். "கவனிக்கலை டாக்டர்" என்றேன். அந்த நிலையிலும் பொய் சொன்னேன். எலும்புவரை போய்விட்டது என்று எக்ஸ்ரே காட்டியது. நான்காம் நாள் கட்டை விரலை எடுத்தார்கள்.

அன்று இரவு வராந்தாவில் அந்த மருத்துவரை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். என் நகம், நுண்ணோக்கி, பாதியில் விட்ட மாத்திரை, ஒரே நெயில் கட்டர், எல்லாம். கேட்டுவிட்டு அவர் சொன்னது: "பூஞ்சை மட்டுமே விரலை எடுத்துடாதும்மா. சுகர், மரத்துப்போன நரம்பு, ரத்த ஓட்டம் குறைஞ்சது எல்லாம் சேரணும். ஆனா தடிச்ச நகம் உள்ளே புண்ணாக்கும், வெடிச்ச தோல் வழியா பாக்டீரியா போகும். சுகர்காரங்களுக்கு அதனாலதான் நகப்பூஞ்சையைச் சும்மா விடக் கூடாதுன்னு சொல்றோம். உங்ககிட்டேயிருந்து அவருக்கு வந்துதா, சேத்துல நின்ன காலு, அவருக்கு முன்னாடியே இருந்துதான்னு யாராலயும் சொல்ல முடியாது." ஆறுதலுக்காகச் சொன்னார் என்று தெரிந்தது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதில் எனக்கு இனி என்ன இருக்கிறது? அப்பா திண்ணையில் கேட்ட அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் பதினோரு மாதம் கையில் இருந்தது.

அப்பாவிடம் சொல்ல இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. கட்டு மாற்றிய பிறகு, அவர் கால்மாட்டில் உட்கார்ந்து, என் நகத்திலிருந்த பாலிஷைத் துடைத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். கண் சரியாகத் தெரியாததால் விரலால் தடவிப் பார்த்தார். "இதுக்கா இவ்ளோ நாள் மறைச்சே?" என்றார். கொஞ்சம் கழித்து, "சொல்லியிருந்தா நானும் மாத்திரை போட்டிருப்பேன்ல" என்றார். திட்டவில்லை. அதற்குமேல் அன்று பேசவும் இல்லை.

அதன் பிறகுதான் ஒழுங்காக வைத்தியம் செய்துகொண்டேன். இந்த முறை மருத்துவர் முதலில் நகத்தை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். வளர்த்துப் பார்க்கும் சோதனை முடிவுக்கு நான்கு வாரம் காத்திருந்தேன். ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்று வந்தது. உலகம் முழுவதும் கால் நகத்தைக் கெடுப்பதில் முதலிடம் அதற்குத்தான். சோதிக்காமல் மாத்திரை போடுவது தப்பு என்று அவர் அழுத்திச் சொன்னார். தடித்து மஞ்சளாகிற நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சை. சொரியாசிஸ் நகத்தை அப்படி ஆக்கும், அதில் ஊசியால் குத்தியதுபோலக் குழிகள் இருக்கலாம். இறுக்கமான செருப்பு ஆக்கும், பழைய அடி ஆக்கும். நகத்தில் புதிதாக ஒரு கறுப்புக் கோடு வந்து அகலமானாலோ, கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலில் இறங்கினாலோ அது புற்றுநோயாகவும் இருக்கலாம், ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. என்னைப் போலப் பாலிஷ் பூசி மூடுகிறவர்கள் அதையும் சேர்த்துத்தான் மூடுகிறார்கள்.

12 வாரம் ஒரு நாள் விடாமல் போட்டேன். மாத்திரைப் பட்டை சாப்பாட்டு மேஜையில், எல்லார் கண்ணுக்கும் முன்னால் இருந்தது. ஏழாவது வாரம் ரசத்தில் ருசி தெரியாமல் போயிற்று. அந்த மாத்திரை சிலருக்கு நாக்கைக் கொஞ்ச நாள் மரக்கடிக்கும். மருத்துவரிடம் கேட்டேன், தொடரச் சொன்னார். பிறகு ருசி திரும்பிவிட்டது. மாத்திரை நின்ற பின்னும் மருந்து நகத்துக்குள் பல மாதம் தங்கி வேலை செய்கிறது. நல்ல நகம் தொடங்கும் இடத்தில் சின்னக் கீறல் போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒன்றரை மில்லிமீட்டர். சில மாதம் ஒன்று. முழு நகமும் வெளியே போக 16 மாதம் ஆயிற்று.

அப்பாவுக்கு மாத்திரை தரவில்லை. அவர் சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது, போடும் மாத்திரைகளும் அதிகம். இடது காலில் பாதிக்கப்பட்ட நகங்களுக்கு அமோரோல்ஃபின் என்ற, பாலிஷ் போலப் பூசுகிற மருந்து, வாரம் ஒருமுறை. பூசுவதற்கு முன் நகத்தை அரத்தால் தேய்த்து மெலிதாக்க வேண்டும். முழுதாகக் குணமாகாமல் போகலாம், தடிப்பு ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் நான்கு நெயில் கட்டர். ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல் சுற்றியிருக்கிறது. வெட்டியதும் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்து வைப்போம். கால் துடைக்கத் தனித் துண்டு. குளித்து வந்ததும் விரலிடுக்கைத் துடைக்காமல் யாரும் அறைக்குள் போவதில்லை. ஷூ போடுகிற என் மகன் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுகிறான், கழற்றியது வெயிலில் காயும். விரலிடுக்கில் அரித்தால் அன்றே களிம்பு, அரிப்பு நின்ற பிறகும் சொன்ன நாள்வரை. பள்ளியில் பூஞ்சைகள் பாடம் வரும்போது என் கதையைப் பிள்ளைகளிடம் சொல்கிறேன். முதல் வருஷம் சொல்லும்போது குரல் நடுங்கியது. பாடம் முடிந்ததும் ஒரு பெண் மட்டும் வகுப்பிலேயே நின்று, செருப்பைக் கழற்றிக் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா திண்ணையில் வந்து உட்காருகிறார். நான் டார்ச்சையும், சிவப்பு நூல் சுற்றிய அவருடைய கட்டரையும் எடுத்துக்கொண்டு போகிறேன். வலது காலில் நான்கு விரல். அவர் காலை உடனே நீட்டுவதில்லை. "முதல்ல உன் காலைக் காட்டு" என்கிறார். நான் நீட்டுகிறேன். கட்டை விரல் நகத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்து, தலையை ஆட்டிய பிறகுதான் தன் காலை என் மடியில் வைக்கிறார்.